விமானத்தில் வந்த சைக்கிளும் பிள்ளைப்பாக்கத்துக் காற்றும்: ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

வெளிநாட்டில் ஒரு சைக்கிளை வாங்கிப் பிரித்து, அட்டைப்பெட்டியில் அடைத்து, விமானத்தில் ஏற்றி, மீனம்பாக்கத்தில் இறக்கி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பிள்ளைப்பாக்கத்தில் மறுபடி பூட்டி ஓட்டுவது இன்று நடக்காத காரியமன்று. இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ-நிசானும் டைம்லரும், ஸ்ரீபெரும்புதூரில் பிரான்சின் செயின்ட் கோபெய்ன் என்று பல நாட்டார் தொழிற்சாலை போட்டிருக்கும் வட்டாரம் இது. அங்கிருந்து ஆள் வருவதும் இங்கிருந்து பயிற்சிக்கு ஆள் போவதும் வாடிக்கை. போனவர்கள் எல்லோரும் சாக்லேட்டோடு திரும்பிவிடுவதில்லை. இப்பொருள் குறித்துத் தமிழில் இதுவரை எவரும் ஆராயவில்லை என்று தொடங்குவது மரபு, அவ்வாறே தொடங்குகிறோம். எவரேனும் ஆராய்ந்திருக்கிறார்களா என்று தேடிப் பார்ப்பது அந்த மரபில் இல்லை. இக்கட்டுரை கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அப்படி வந்த சைக்கிள் எந்தக் கணத்தில் நம்ம ஊர்ச் சைக்கிள் ஆகிறது? கடைக்காரரிடம் பணம் கொடுத்தபோதா, விமானம் தரை தொட்டபோதா, சுங்கத்தில் ரசீது கிழித்தபோதா? மூன்றுமில்லை, டியூபில் பிள்ளைப்பாக்கத்துக் காற்று ஏறியபோதுதான் என்பது நம் கருதுகோள். தொடக்கத்தில் கருதுகோளாக இருந்தது இறுதியில் முடிவாக நிற்பதே நல்ல ஆய்வுக்கு அழகு என்பதால், வாசகர் அவசரமாயின் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

2. தரவுகள்

விமான நிறுவனங்களின் விதிகள், சுங்கச் சட்டம், காற்றின் இயற்பியல் ஆகிய மூன்றும் முதன்மைத் தரவுகள். துணைமைத் தரவாகப் பஞ்சர் கடைச் சுவர்களில் சுண்ணாம்பாலும் கரியாலும் எழுதப்பட்டவை கொள்ளப்பட்டுள்ளன. இவை இனி ‘சு.சா.’ (சுவர்ச் சான்று) எனச் சுட்டப்பெறும். கல்லில் வெட்டியதை மட்டுமே சான்று என்போர், சுவரில் எழுதியவருக்கு அன்று உளி கிடைக்கவில்லை என்பதைக் கருத வேண்டும்.

3. வகைப்பாடு

விமானமேறும் சைக்கிள்கள் நால்வகைப்படும். மின்சைக்கிள்: பயணி விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரிக்கு இடமில்லை, பெரும்பாலான மின்சைக்கிள் பேட்டரிகள் அதைத் தாண்டியவை, ஆகவே இவ்வகை தரையிலேயே நின்றுவிடுகிறது. குழந்தைச் சைக்கிள்: தாத்தா கொண்டுவருவது. மடக்குச் சைக்கிள்: லண்டனின் பிராம்ப்டனை மடக்கினால் நீள அகல உயரம் மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 142 செ.மீ.; விமான மூட்டைக்குப் பொதுவான வரம்பு 158 செ.மீ. என்பதால் இது சூட்கேஸ் வேடத்தில் வந்துவிடும், வேடதாரிகளை இவ்வாய்வு கணக்கில் எடுக்கவில்லை. நான்காவது, முழுச் சைக்கிள். அதன் பெட்டியின் மூன்று அளவுகளையும் கூட்டினால் 230 செ.மீ. அளவில் வரும், எனவே அதற்குத் தனி விதி, பல நிறுவனங்களில் தனிக் கட்டணம். விமானத்தை முதலில் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள் ஒஹையோவின் டேட்டன் நகரில் சைக்கிள் செய்து விற்றவர்கள், அந்தக் கடை வருமானத்தில்தான் 1903இல் பறந்தார்கள் என்பதை நோக்க, விமானம் சைக்கிளிடம் கட்டணம் கேட்பது வளர்த்தவரிடம் வாடகை கேட்பதாகும். ஆயினும் நன்றியுணர்வு இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது.

4. ரசீதுவாதிகள்

சுங்க ரசீதே ஊர்ச் சான்று என்போர் முதல் தரப்பினர். இவர்களுடைய வாதம் வலுவானது. ஏனெனில் முத்திரை உள்ளது. சுங்கப் பட்டியலில் சைக்கிளுக்கு 8712 என்ற தலைப்பு உண்டு. பிரித்துப் பெட்டியில் போட்டால் அது சைக்கிள் அல்ல என்று தப்பிக்கவும் முடியாது. பட்டியலைப் பொருள்கொள்ளும் பொது விதிகளில் 2(அ), பூட்டாமல் கொண்டுவரும் பொருளும் பூட்டிய பொருளாகவே கொள்ளப்படும் என்கிறது. பெடல் ஒரு பக்கம், முன்சக்கரம் ஒரு பக்கம், ஹேண்டில்பார் திரும்பிய நிலையில் என்று கிடப்பதை முழுச் சைக்கிளாகக் காணும் இந்தப் பார்வை, நாலு உடைந்த ஓட்டைக் கண்டு ஒரு நகரத்தையே காணும் அறிஞர்களுக்கு முன்னோடியானது. இவ்வளவு உறுதியாக அதைச் சைக்கிள் என்ற அதே பட்டியல், ஒரு பயணி தன் மூட்டையோடு அதைக் கொண்டுவந்தால் வேறு மாதிரி பேசுகிறது. மோட்டார் வாகனம் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, பயணி மூட்டையில் வரும் வரிக்குரிய பொருள்கள் யாவும் 9803 என்ற ஒரே தலைப்பின்கீழ்ப் போய்விடுகின்றன. அதாவது கப்பலில் சரக்காக வந்தால் சைக்கிள். ஆளோடு விமானத்தில் வந்தால் மூட்டை. 2016ஆம் ஆண்டின் விதிகள் நடப்பில் இருந்தவரை பெரும்பாலான நாடுகளிலிருந்து திரும்பிய இந்தியவாசிக்கு 50,000 ரூபாய் வரை வரி இருக்கவில்லை. அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு 35 விழுக்காடு அடிப்படை வரி. 1,20,000 ரூபாய்ச் சைக்கிளென்றால் 70,000 ரூபாய்க்கு 24,500. 2023 பட்ஜெட்டில் சரக்காக இறக்குமதியாகும் சைக்கிளுக்கான அடிப்படை வரியும் 30இலிருந்து 35 ஆயிற்று. இரண்டும் அப்போது 35 என நின்றதிலிருந்து ஒரு பெரிய உண்மையை வெளிக்கொணர முடியும். இதைவிடச் சிறிய ஒற்றுமையை வைத்துக்கொண்டு கடலுக்கடியில் கண்டமே கண்டவர்கள் உண்டு. நாம் அடக்கம் காக்கிறோம். நமக்கு வேண்டியது இவ்வளவே: ரசீது கையில் வரும் கணத்தில், சட்டப்படி அங்கே சைக்கிள் என்று ஒன்று இல்லை, மூட்டைதான் இருக்கிறது. இல்லாத சைக்கிள் எந்த ஊர்ச் சைக்கிளாகவும் ஆக முடியாது.

5. ஸ்பேனர்வாதிகள்

பூட்டிய இடமே சொந்த இடம் என்போர் இரண்டாம் தரப்பினர். இவர்களுக்கு வட்டார ஆதரவு மிகுதி. வெளிநாட்டுப் பாகங்களைப் பெட்டி பெட்டியாக இறக்கி, இங்கே பூட்டி, இந்தியத் தயாரிப்பாக வெளியே அனுப்புவது இந்தப் பக்கத்தில் நன்கு அறியப்பட்ட தொழில். 2007இல் மகிந்திரா சிட்டியில் தொடங்கிய பி.எம்.டபிள்யூ. ஆலைக்கு அதுவே அடிப்படை. கார் அவ்வாறு இந்தியக் காராகும்போது சைக்கிளுக்கு மட்டும் என்ன குறை என்று கேட்கிறார்கள். குறை இருக்கிறது. ஒரு சைக்கிளுக்கு முன்சக்கரத்தைப் பூட்டி, பெடலை முடுக்கி (இடப் பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும் என்பதை மறந்து அதைச் சிதைத்து, மறுபடி முடுக்கி), ஹேண்டில்பாரை நேராக்கி, சீட்டை ஏற்றிவிட்டாலும், டியூபில் காற்றில்லாத வரை அதைத் தெருமுனை டீக்கடை வரை ஓட்ட முடியாது. உருட்டிக்கொண்டு போகலாம், ஏறி மிதித்தால் ரிம் போய்விடும். ஸ்பேனர் வடிவத்தைத் தருகிறது, ஓட்டத்தைத் தருவதில்லை. ஓடாத ஒன்றைச் சைக்கிள் என்பது, வகுப்பெடுக்காத ஒருவரைப் பேராசிரியர் என்பது போல் வழக்கில் செல்லுமேயன்றி வாதத்தில் செல்லாது.

6. காற்றுவாதம்

இனி நம் தரப்பு. ஏறக்குறைய எல்லா விமான நிறுவனங்களும் சைக்கிளுக்கு மூன்று சடங்குகளை விதிக்கின்றன: பெடலைக் கழற்று, ஹேண்டில்பாரைத் திருப்பு, டயரில் காற்றை இறக்கு. முதலிரண்டும் இடப் பிரச்சினை, புரிகிறது. மூன்றாவதுக்குச் சொல்லப்படும் காரணம், உயரத்தில் டயர் வெடித்துவிடும் என்பது. இதைச் சோதிப்போம். சாலைச் சைக்கிளின் டயருக்குச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு காற்று எனக் கொள்க. பயணி விமானத்தில் மூட்டை வைக்கும் அறையிலும் ஆட்கள் இருக்கும் அறையிலும் ஒரே அழுத்தம்தான். அது 8,000 அடி மலையுச்சியின் அழுத்தத்துக்குக் கீழே போகாதபடி காக்கப்படுகிறது. தரைக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு சுமார் 4 பவுண்டு. ஆக, டயர் உணர்வது 104. வாதத்துக்காக விமானம் வானவெளிக்கே போய்விட்டது, வெளியே காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் கூடுவது 14.7 பவுண்டு, மொத்தம் 115கூட இல்லை. இப்போது அதே சைக்கிளைக் காலையில் 25 டிகிரியில் காற்றடித்து, சித்திரை மதியத்தில் ஒரகடம் சாலையோரம் நிறுத்துக. கறுப்பு டயருக்குள் வெப்பம் 60 டிகிரிக்கு ஏறினால், அழுத்தமும் வெப்பமும் சேர்ந்தேறும் என்ற பழைய விதிப்படி, 13 பவுண்டுக்கு மேல் கூடுகிறது. அதாவது ஒரகடம் வெயிலில் நிற்கும் சைக்கிளும் விண்வெளியில் மிதக்கும் சைக்கிளும் டயரைப் பொறுத்தவரை ஒரே துன்பத்தைத்தான் அனுபவிக்கின்றன. மூட்டை அறையின் குளிரோ அழுத்தத்தைக் குறைக்கவே செய்யும். காற்றை முழுக்க இறக்கினால்தான் ஆபத்து: பெட்டியைத் தூக்கிப் போடும்போது ரிம்முக்கு மெத்தை இல்லாமல் போகிறது.

ஆக, பாதுகாப்பு காரணமன்று. பாதுகாப்பு காரணமில்லாத ஒரு விதி இத்தனை நாடுகளில், இத்தனை நிறுவனங்களில், கவுன்டரில் நிற்பவர் டயரை விரலால் அமுக்கிப் பார்க்கும் அளவுக்குக் கடைப்பிடிக்கப்படுகிறதென்றால் அதற்கு ஆழ்ந்த காரணம் ஒன்று இருந்தாக வேண்டும். (ஒரு வழக்கத்துக்கு எளிய விளக்கம் பொய்த்தால் அடுத்த எளிய விளக்கத்தைத் தேடாமல் நேரே ஆழத்துக்குப் போவது ஆய்வு நெறி.) காரணம் இதுதான்: ஒரு நாட்டின் காற்று இன்னொரு நாட்டுக்குச் சைக்கிளுக்குள் ஒளிந்து போகக் கூடாது. ஃபிராங்க்ஃபர்ட்டில் அடித்த காற்று ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே விடப்பட வேண்டும். ‘வெளியூர்க் காத்து தங்காது’ என்று சு.சா. 1 கூறுவது இக்கருத்தையே. பக்கத்தில் உள்ள அம்புக்குறி கழிப்பறையைச் சுட்டுகிறது என்போர் உளர், ஏற்புடையதன்று.

7. எஞ்சிய காற்றுக் கணக்கு

இங்கே ஒரு நுட்பமான தடை எழுகிறது. வால்வை அமுக்கினால் எல்லாக் காற்றும் போய்விடுவதில்லை. உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமானவுடன் நின்றுவிடும். 100 பவுண்டு என்று மானி காட்டும்போது உள்ளே உண்மையில் இருப்பது, வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து, 114.7. விட்ட பின்னும் தங்குவது 14.7. ஆக, டயரை யாரும் நசுக்கவில்லை எனக் கொண்டால், எட்டில் ஒரு பங்குக்குச் சற்று மேல், 12.8 விழுக்காடு, வெளிநாட்டுக் காற்று மீனம்பாக்கம் வந்து சேர்கிறது. எடையில் இது பெரிதன்று: மெல்லிய டியூப் ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ ஒரு லிட்டர், இரண்டிலும் எஞ்சுவது இரண்டரை கிராம். மூட்டைக்கான 23 கிலோ வரம்பை இது பாதிக்காது. ஆனால் கொள்கையைப் பாதிக்கிறது. அதற்கு மதிப்பு உண்டா, உண்டெனில் 35 விழுக்காட்டில் வருமா, பயணி அதைச் சுங்க அறிவிப்பில் காட்ட வேண்டுமா என்பனவற்றில் சுங்கச் சட்டம் மௌனம் சாதிக்கிறது. மௌனத்தை ஒப்புதலாகக் கொள்வதா மறுப்பாகக் கொள்வதா என்பதில் உரையாசிரியர் இரு பிரிவினராகப் பிரிவது வழக்கம். உரையாசிரியர் இன்னும் தோன்றாமையால் பிரிவும் தோன்றவில்லை.

பிள்ளைப்பாக்கத்தில் மறுபடி 100 பவுண்டு ஏற்றினால், டியூபில் உள்ளது 87.2 விழுக்காடு உள்ளூர்க் காற்று. அரசுக் கொள்முதலுக்கான 2017ஆம் ஆண்டு ஆணை, 2020இல் திருத்தப்பட்ட வடிவில், 50 விழுக்காடு உள்நாட்டுப் பங்கு இருந்தாலே முதல் வகுப்பு உள்ளூர் வழங்குநர் என்று ஏற்கிறது. அந்த அளவுகோலில் நம் டியூப் முதல் வகுப்பைத் தாண்டிச் சிறப்புத் தேர்ச்சி. தூய்மைவாதிகள் இதோடு அமைய மாட்டார்கள் என்பது தெரிந்ததே. அவர்களுக்காக: ஒருமுறை பஞ்சராகி, காற்று முழுக்க இறங்கி, மறுபடி அடித்தால் எஞ்சும் அயற்காற்று 1.6 விழுக்காடு, இரண்டாம் பஞ்சருக்குப் பின் 0.2; மூன்றாவதுக்குப் பின் பத்தாயிரத்தில் மூன்று பங்குக்கும் குறைவு. தொழிற்பேட்டைச் சாலைகளில் ஆணிக்கும் ஸ்க்ரூவுக்கும் இரும்புச் சீவலுக்கும் பஞ்சமில்லை என்பதால், இந்நிலையை அடையத் தனி முயற்சி வேண்டியதில்லை. முழுமையாக என்றேனும் நீங்குமா எனில், கணக்குப்படி நீங்காது. கலப்பே இல்லாத ஒன்றைத் தேடுவோர் எத்துறையிலும் சந்திக்கும் எல்லை இது.

காற்றின் விலை குறித்துச் சான்றுகள் முரண்படுகின்றன. ‘காத்து இலவசம்’ என்பது சு.சா. 4இன் பாடம். சு.சா. 4-ஆ (அதே சுவர், பொங்கல் வெள்ளையடிப்புக்குப் பின், இடது ஓரம், அரசியல் சுவரொட்டியின் கிழிந்த மூலைக்கு அடியில்) ‘சைக்கிளுக்கு மட்டும்’ என்ற தொடரைக் கூடுதலாகத் தருகிறது. எதிர்க்கடைச் சுவர் (சு.சா. 7, கரிக்கோட்டு எழுத்து, முன் பகுதி சிதைந்தது, பின் பகுதி வண்டி சாய்த்து வைத்ததால் மறைந்தது, நடுவில் தெளிவாகக் கிடைப்பது ஒரு ‘5’) இதை மறுக்கிறது. அந்த ஐந்து ரூபாயையா, ஐந்து நிமிடத்தையா, ஐந்தாம் தேதிக்குப் பின் கடன் இல்லை என்பதையா சுட்டுகிறது என்பதைத் துணிய, கல்லாப்பெட்டியின் மேலுள்ள எண்ணெய் படிந்த நோட்டின் கீழிருந்து நாலாம் வரியை ஒப்புநோக்க வேண்டும். அந்நோட்டு பதிப்பிக்கப்படவில்லை. பதிப்பிக்கப்பட்டிருந்தால் மூன்று பக்க மூலமும் நூற்றெண்பது பக்க முன்னுரையுமாக வந்திருக்கும்.

8. மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு, வால்விலிருந்து வருகிறது. மற்ற எல்லா மறுப்புகளிலும் இதுவே உண்மையான தொல்லை. நம் பழைய சைக்கிளில் இருப்பது உள்ளே ரப்பர் வால் டியூப் செருகிய டன்லப் வால்வு. பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் வாய் பொருந்துவது பைக், கார்களின் தடித்த ஷ்ரேடர் வால்வுக்கு. வெளிநாட்டிலிருந்து வரும் சாலைச் சைக்கிளில் பெரும்பாலும் மெல்லிய ப்ரெஸ்டா. அதன் நுனியில் உள்ள சிறு மரையைத் தளர்த்தினால்தான் காற்றை ஏற்கும். எனவே வரி கட்டி, பெட்டி உடைத்து, ஸ்பேனர் வேலை முடித்த பின்னும் பிள்ளைப்பாக்கத்துக் காற்று உள்ளே போக மறுக்கலாம். அப்படியானால் அது நம்ம ஊர்ச் சைக்கிள் ஆகவே முடியாதா என்று கேட்பர். விரல்நுனி அளவுள்ள பித்தளை அடாப்டர் ஒன்றை ப்ரெஸ்டாவின் மேல் திருகினால் தடை நீங்குகிறது. கம்ப்ரஸரை ஒரே அழுத்தாக அழுத்தினால் மெல்லிய டியூப் வெடிக்கும். பார்த்துப் பார்த்து விட வேண்டும், இல்லையேல் கைப்பம்பு. இந்தத் தடை நம் கொள்கையை வலுப்படுத்தவே செய்கிறது: ரசீது கிடைத்த இடத்திலும் ஸ்பேனர் முடிந்த இடத்திலும் அந்நியமாக நின்ற சைக்கிள், காற்றுக் குழாயின் முன்னால்தான் தன் அந்நியத்தை வெளிப்படையாகக் காட்டுகிறது, அங்கேதான் அதை விடவும் செய்கிறது.

இரண்டாம் மறுப்பு வரலாற்று வழியது. அம்பத்தூரில் முருகப்பா குழுமம் பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கிய பின், பக்கத்திலேயே கிடைக்கும் பொருளை ஏன் பறந்துபோய் வாங்க வேண்டும் என்பது. இது செலவு பற்றிய கேள்வி, உரிமை பற்றியதன்று. ஆயினும் உள்ளிருக்கும் சான்று நமக்கே உதவுகிறது. அதற்கு முன் இங்கே ஓடிய ராலே நாட்டிங்காமிலிருந்தும், ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் பர்மிங்காமிலிருந்தும் கப்பலில் வந்தவை. பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய ஹெர்குலிஸை இங்கிலீஷ் சைக்கிள் என்று இன்று யார் சொல்கிறார்கள்? எந்தச் சட்டமும் அதற்குக் குடியுரிமை வழங்கவில்லை. வாரந்தோறும் காற்றடித்தார்கள், போதுமானதாக இருந்தது.

மூன்றாவது, தத்துவ மறுப்பு: உயிரற்ற பொருளுக்குள் எதை ஊதினாலும் அது எப்படித் தன்மை மாறும் என்பது. வேறு எந்த ஊரிலும் இக்கேள்வி செல்லும். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் செல்லாது. 1017இல் இராமானுசர் பிறந்த ஊர் அது. உடலுக்கும் உள்ளிருப்பதற்கும் உள்ள உறவை அவர் வழி வந்தோர் பேசியதன் நூறிலொரு பங்கு டியூப் பற்றி எவரும் பேசவில்லை. அம்மரபின் பிற்காலத்தில் வடகலையார் குரங்குக்குட்டியை உவமை காட்டினர், அது தாயைத் தானே பற்றிக்கொள்ளும். தென்கலையார் பூனைக்குட்டியைக் காட்டினர், அதைத் தாயே கவ்விச் செல்லும். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வீட்டு வாசல் வரை மனிதன் சைக்கிளைச் சுமக்கிறான்: பூனை நியாயம். காற்றடித்ததும் ஏறி உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பற்றிக்கொள்கிறான்: குரங்கு நியாயம். கால் எட்டாத பிள்ளைகள் குரங்குப் பெடல் போடும்போது இது ஐயத்துக்கிடமின்றித் தெரியும். ஒரு நியாயத்திலிருந்து மறு நியாயத்துக்கு மாறும் எல்லைக்கோடு கைப்பம்பின் கடைசி அழுத்தத்தில் இருக்கிறது. அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொடரும் விவாதத்தைச் சைக்கிள் தீர்த்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. இக்கட்டுரையை மேற்கோள் காட்டுவோர் சொல்வார்கள்.

9. முடிவும் பயனும்

வெளிநாட்டில் வாங்கி விமானத்தில் வந்த சைக்கிள், ரசீதால் மூட்டையாகிறது, ஸ்பேனரால் வடிவம் பெறுகிறது, உள்ளூர்க் காற்றால் உள்ளூர்ச் சைக்கிளாகிறது என்பது நிறுவப்பட்டது. இம்முடிவு சைக்கிளோடு நிற்க வேண்டியதில்லை. 1980களிலிருந்து தமிழுக்கு எத்தனையோ கோட்பாடுகள் இதே வழியில் வந்திறங்கின. அமைப்பியல் வந்தது, பின்நவீனத்துவம் வந்தது, இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. எல்லாம் பிரித்துப் பெட்டியில் அடைத்து, காற்று இறக்கப்பட்ட நிலையில் வந்தவை. அதில் குற்றமில்லை, அதுதான் விதி. வந்த பின் சிலர் உட்கார்ந்து பூட்டினார்கள், இங்குள்ள காற்றை அடித்தார்கள், நாலு தடவை பஞ்சர் ஒட்டினார்கள். அவர்கள் கையில் அவை தெருவில் ஓடின. பலர் அடிக்குறிப்பு என்னும் வரியைச் சரியாகக் கட்டி ரசீது வாங்கினார்கள், பெட்டியைத் திறக்கவில்லை. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டை வாசித்தே பன்னாட்டுக் கருத்தரங்கத்தில் கட்டுரை படித்தார்கள். ஒரு வெளிநாட்டவர் இணையவழியில் தலைகாட்டினால் கருத்தரங்கம் பன்னாட்டதாகும் என்ற விதி இருக்கும்வரை, ஒரு ஜெர்மன் சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கும் பிள்ளைப்பாக்கத்துத் தெருவும் பன்னாட்டுத் தெருவே.

மேலாய்வுக்குரிய களங்கள் பல உள்ளன. இறக்குமதிச் சாலைச் சைக்கிள்களில் ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு, பெல் எதுவும் இல்லாதிருப்பதன் உளவியல். கம்பெனி பஸ்ஸுக்கும் ட்ரெய்லர் லாரிக்கும் நடுவே பெல் இல்லாமல் போவதன் இறையியல். காலியான அட்டைப்பெட்டி பரணில் எத்தனை ஆண்டு வைக்கப்படுகிறது, ஏன் என்பதன் சமூகவியல். இவற்றுள் ஸ்டாண்டு ஏற்கெனவே ஒரு முனைவர் பட்ட மாணவருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. அவர் எழுதி முடித்ததும் நெறியாளர் பெயர் முதலில் வரும்.